முதலாளிக்குக் கார் பழக்கிய மாஸ்டர்

மாஸ்டர் என்றால் அந்தப் பகுதியில் ஒருவரைத்தான் குறிக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேறு ஆட்களும் இருந்தார்கள். பட்டம் மட்டும் இவரிடம் ஒட்டிக்கொண்டது. அவருடைய முறையே தனி. முதல் நாளே ஆளை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, லாரியும் பஸ்ஸும் முட்டிமோதும் பெரிய ரோட்டில் இறக்கிவிடுவார். அழுதாலும் விடமாட்டார். பக்கத்து இருக்கையில் தனக்கென்று பொருத்தியிருந்த பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, பயம் போக வேண்டுமானால் நடுரோட்டில்தான் போகும் என்று கத்துவார். பயம் போனதோ இல்லையோ, பலபேர் பாதியிலேயே போய்விட்டார்கள். அவர்கள் கார் ஓட்டப் பிறந்தவர்கள் இல்லை என்று மாஸ்டர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

தீர்ப்பு எழுதப்பட்டவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு பாடம் நடந்தது. ரவுண்டானாவில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள், பக்கத்தில் அவற்றை மிஞ்சும் குரலில் கணவர். அவள் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு, இறங்கி வீடுவரை நடந்தே போய்ச் சேர்ந்தாள். அதற்குப்பின் அந்தப் பேச்சே எழவில்லை. வீட்டு முன்னறையில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்து நன்றாகவே நடத்திவந்தாள்.

அந்த அறைக்கு ஒருநாள் ஜன்னல் வழியாக ஒரு சாம்பல் நிறப் பூனை வந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளரின் வெல்வெட் துணிமேல் படுத்து, அவள் தைப்பதை மேற்பார்வை பார்த்தது. வேலை எதுவும் செய்யாமல் அதிகாரம் மட்டும் பண்ணியதால் முதலாளி என்று பெயர் வைத்தார்கள்.

நன்றாக இருந்த முதலாளி திடீரென்று சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர ஆரம்பித்தது. வாயில் எச்சில் ஒழுகியது. ஈறு வீங்கியிருந்தது. மிருக டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். எப்படிக் கொண்டுபோவது என்று மனைவி யோசித்தபோது மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை பேருக்குப் பயம் தெளியவைத்தவர் அவர்! ஒரு பூனை அவருக்கு எம்மாத்திரம்!

தூங்கிக்கொண்டிருந்த முதலாளியைப் பிடரியோடு தூக்கி ஒரு பிளாஸ்டிக் கூண்டுக்குள் திணித்தார். பயிற்சிக் காரின் பின்சீட்டில் வைத்தார். நேராகப் பெரிய ரோடு. முதலாளி ஒரு தெருவுக்குப் பொறுத்துப்பார்த்துவிட்டு, பச்சைக்குழந்தை மாதிரி அலறத் தொடங்கியது. மாஸ்டர் திரும்பி அதட்டினார். அது இன்னும் உரக்கக் கத்தியது. சிக்னல் வருவதற்குள் கூண்டு நாறிவிட்டது. சிக்னல் தாண்டியதும் கூண்டுக் கதவு பிய்த்துக்கொண்டது; பூனை பாய்ந்துபோய் மாஸ்டரின் காலடியில், பிரேக்குக்கு அடியிலேயே சுருண்டுகொண்டது. அவரால் பிரேக்கை அழுத்த முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் வாத்தியார் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கூரையில் 'பயிற்சி வாகனம்' என்ற பலகையோடு வண்டி நடுரோட்டில் குறுக்காக நின்றது. போட்டி டிரைவிங் பள்ளியின் கார் ஒன்று, புதிதாகப் பழகுகிற ஒரு பெண் ஓட்ட, மெதுவாக ஒதுங்கிக் கடந்து போனது.

கிளினிக்கில் முதலாளி மருந்து அலமாரியின் உச்சிக்கு ஏறிவிட்டது. இறக்கவே வெகுநேரம் ஆயிற்று. டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். இன்றைக்கு வாயைத் திறக்கவைக்க முடியாது, வீக்கம் வற்ற மருந்து தருகிறேன், இரண்டு மாதம் கழித்துக் கெட்ட பல்லைப் பிடுங்கலாம், அதற்குள் பூனையைப் பழக்குங்கள் என்றாள். கூண்டின் மேல்மூடியைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவைக்க வேண்டும். உள்ளே பழகிய துணி, அதற்குப் பிடித்த தீனி. அதுவாகப் போய்ப் படுக்கும்வரை கை வைக்கக் கூடாது. அப்புறம் நின்றிருக்கும் காரில் கொஞ்ச நேரம், அப்புறம் இன்ஜினை மட்டும் போட்டு, அப்புறம் தெருமுனைவரை. போகும்போது கூண்டை ஒரு துண்டால் மூடிவிட வேண்டும். அது கத்தினால் நாமும் கத்தக் கூடாது.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் மாஸ்டரைப் பார்த்தாள்.

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பழக்குகிற வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். தன் பழைய சட்டையைக் கூண்டில் விரித்து, வேகவைத்த மீனைப் பிய்த்துப் போட்டார். முதலாளி முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு மீனை மட்டும் எடுத்தது. ஒருநாள் மத்தியானம் சட்டைமேல் படுத்துக் குறட்டை விட்டது. மாஸ்டர் நுனிக்காலில் நடந்துபோய் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்து, வாசலில் நின்ற காரின் பின்சீட்டில் முதலாளியோடு உட்கார்ந்து பழக்கினார். பாடத்துக்கு வந்த மாணவர்கள் வெளியே காத்துக்கிடந்தார்கள். உள்ளேயிருந்து, யாரும் கேட்டறியாத ஒரு குரல் வந்தது.

"பயப்படாதப்பா. இன்ஜின் சத்தம்தான். வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடலாம். நமக்கென்ன அவசரம்?"

மனைவி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குரலை இத்தனை வருஷமா எங்க வச்சிருந்தீங்க?"

"அது வாயில்லா ஜீவன். அதுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு வாய் இருந்ததுதான் தப்பாப் போச்சு போல" என்று சொல்லிவிட்டு அவள் தையல் மெஷினுக்குத் திரும்பினாள். அன்று மாஸ்டருக்குச் சாப்பாட்டில் மனம் செல்லவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தெருமுனைவரை முதலாளி சாதுவாக வந்தது. அதைத் தாண்டி யாராவது குறுக்கே வந்தால் மாஸ்டர் பழக்கதோஷத்தில் அவர்களைத் திட்டுவார்; உடனே பின்சீட்டில் அலறல் தொடங்கும். போனில் விஷயத்தைக் கேட்ட டாக்டர் யோசிக்கவே இல்லை. திட்டுகிறவர் ஸ்டியரிங்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது என்றாள்.

"நான் கத்துக்கறேன்" என்றாள் மனைவி. "ஆனா ஒண்ணு. முதலாளி வண்டியில இருந்தாத்தான் நானும் ஏறுவேன்."

மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பாடம் ஆரம்பமானது. முன்னால் அவளும் மாஸ்டரும், பின்னால் துண்டு மூடிய கூண்டு. கியர் கரகரத்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். துண்டுக்குள்ளிருந்து அடித்தொண்டையில் ஓர் உறுமல் வந்தது. மாஸ்டர் வாயை மூடினார். அப்படியே காலி இடத்திலிருந்து சந்துகளுக்கும், சந்துகளிலிருந்து தெருக்களுக்கும் போனார்கள். ரவுண்டானாவில் வண்டி மறுபடியும் நின்றது. ஹாரன்கள் காதைக் கிழித்தன. அவள் கை சாவிக்குப் போனது. மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் பின்சீட்டை ஒருதரம் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. மறுபடி ஸ்டார்ட் பண்ணும்மா. அவங்க அடிச்சா அடிக்கட்டும்."

அவள் ஸ்டார்ட் செய்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் கூண்டைத் தூக்கிக்கொண்டார்.

லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்தது. பல் பிடுங்கும் நாளில் அவள்தான் ஓட்டினாள். நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருக்காமல், கூப்பிடும்வரை காரிலேயே இருந்தார்கள். டாக்டர் மேல்மூடியை மட்டும் கழற்றினாள். முதலாளி சட்டைமேல் படுத்தபடியே வாயைக் காட்டியது. ஊசி போடும்போது மாஸ்டர்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாலையில் இரண்டு பல் குறைந்த முதலாளி வீட்டுக்கு வந்து, மறுநாளே மீன் கேட்டது.

இதனால் மாஸ்டர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த வாரமே புதிதாக வந்த ஒருவரைப் பெரிய ரோட்டில் இறக்கித் தொண்டை கிழியக் கத்தினார். ஆனால் விஷயம் வெளியே கசிந்திருந்தது. பாடத்துக்குச் சேர வருகிறவர்கள் கட்டணம் விசாரிக்கும் முன்பே பூனை வருமா என்று விசாரித்தார்கள். முதலாளிக்குப் பயிற்சி விட்டுப்போகக் கூடாதே என்றுதான் சம்மதித்ததாக மாஸ்டர் சொல்லிக்கொண்டார். பின்சீட்டில் கூண்டு நிரந்தரமாகிவிட்டது. பள்ளியில் கூட்டம் அதிகமானது. பூனைக்கும் ஓய்வு வேண்டுமே என்று வாரத்தில் ஒருநாள் முதலாளியை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்தக் கிழமைகளில் மட்டும் மாணவர்கள் எல்லாருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது.