கல் என்றால் நாளை

இந்தியில் 'கல்' என்றால் நாளை. நேற்றைக்கும் அதே 'கல்'தான். கூட ஒரு வினைச்சொல் வந்தால்தான் எது என்று தெரியும். போர்ட் பிளேருக்குக் குடிவந்த முதல் வருஷமே பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளிடம் இதைக் கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில் மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தினமும் மீன் கொண்டுவருகிறவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வியாபாரம் முடிந்ததும் கூடையை அவள் தலைக்குத் தூக்கிவிடுவது என் வேலை. அவள் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பத்து நாள் தேடிப் பார்த்தார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப அவள் அண்ணன் மெட்ராஸ் கப்பலில் இடம் பிடித்துவிட்டான். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் நிறைமாதத்தில் ஏற்றமாட்டார்கள்.

போவதா, அவருக்காகக் காத்திருப்பதா? அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் பாபா ஒருவர் வந்து தங்கியிருந்தார். அவரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். அர்த்தம் சொல்ல என்னைக் கூட்டிப்போனாள்.

வெளியே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பவ்யமான ஆசாமி ஒருவன் டீ கொடுத்துப் பேச்சும் கொடுத்தான். எந்த ஊர், எத்தனை நாளாச்சு, படகு என்ன நிறம். ஒன்று விடாமல் ஒப்பித்தோம். உள்ளே போனதும் பாபா கண்ணை மூடிக்கொண்டு நீலப் படகு என்றார். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. குடித்த டீயின் சூடு நாக்கில் இருக்கும்போதே கொடுத்தவனை மறந்துவிட்டேன். படித்தவள் லட்சணம் இது.

"பானி கே பீச் மே" என்றார். தண்ணீருக்கு நடுவில். அந்தமானில் தண்ணீருக்கு நடுவில் இல்லாதது எது? என் அடுப்பங்கரையும் தண்ணீருக்கு நடுவில்தான் இருந்தது.

பிறகு ஒரு விரலை உயர்த்தி, "கல்" என்றார். அவ்வளவுதான். வினைச்சொல்லை விழுங்கிவிட்டார்.

"கல்லா? பாறையில மோதிட்டாவளா யக்கா?" என்று என் கையைப் பிடித்தாள்.

நேற்றா நாளையா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "கல்லுன்னா நாளைக்குன்னு அர்த்தம். வந்துடுவாருன்னு சொல்றார்" என்றேன். வந்துவிடுவார் என்றது முழுக்க என் கைச்சரக்கு.

கப்பல் அவள் இல்லாமல் போனது. விடிந்ததும் ஜெட்டிப் படகுத்துறைக்குப் போய் நிற்பாள். பிறகு வேறு படகுகளில் மீன் வாங்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவாள். நாளை என்பதில் அந்த வசதி உண்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் தள்ளிப்போகும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, பாறை இடுக்கில் செருகிக்கிடந்த நீலப் பலகைகளைக் கண்டெடுத்து வந்தார்கள். பாபாவின் பேர் கெட்டது என்றுதானே நினைப்பீர்கள்? கல் என்றால் நேற்று, எல்லாம் முடிந்துவிட்டது என்று பாபா அன்றே சொன்னார், பெண்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றான் டீ ஆசாமி. பஜாரில் நம் ஜனங்கள் அவனையும் மிஞ்சினார்கள். பாறையைத்தான் பாபா தமிழிலேயே 'கல்' என்று சொன்னாராம். தமிழில் ஓர் எழுத்து தெரியாத மனுஷர். செத்தவனின் படகுப் பலகைதான் அவருக்கு விளம்பரம். வாசலில் முன்னைவிடக் கூட்டம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காறித் துப்பவேண்டும் போலிருக்கும். ஆனால் அவர் சொன்னது ஒற்றைச் சொல். அதைக் குறியாக்கி அவள் கையில் கொடுத்தது நான்.

சில நாள் கழித்து அவள் மீனோடு வந்தாள். வயிறு இன்னும் பெரிதாகியிருந்தது. மீனைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"கல்லுன்னா நேத்துன்னும் அர்த்தம் உண்டாமே யக்கா. ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

வழக்கம்போலக் கூடையைத் தூக்கிவிடக் குனிந்தேன். "வேண்டாம்" என்றாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.