பிரேக்கை விடாத அக்கா

நந்தி மலை இறக்கத்தில் ரப்பர் கருகும் வாசனை வந்தபோது, முன்னால் ஏதோ காரில் கோளாறு என்றுதான் நினைத்தேன். சாலையில் காரே இல்லை. எனக்கு முன்னால் அக்கா மட்டும் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தாள், பின்னால் பைக்கில் வந்த எனக்குப் பொறுமை போகும் அளவுக்கு மெதுவாக.

குடியாத்தத்திலிருந்து பெங்களூர் மர்பி டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அக்கா. ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. நாற்பதை நெருங்கும்போது சைக்கிள் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மலை ஏறுவதே இறங்குவதற்காகத்தான் என்பாள். முகத்தில் காற்று மோதும் அந்தக் கொஞ்ச நேரம் வீடும் வேலையும் தலையில் இருக்காதாம். மாமாவுக்கோ ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயம். "நீ எங்க வேணா போ. ஆனா எறங்கறப்ப பிரேக்ல இருந்து கையே எடுக்கக் கூடாது" என்று கடைசியில் சம்மதித்தார். அக்கா அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அதை மீறினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. காவலுக்கு என்னையும் அனுப்பினார்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். முன்சக்கரம் தள்ளாடி, அக்கா மலையோரச் சாக்கடையில் போய் விழுந்தாள். மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளத்தாக்கு. சைக்கிளைத் தூக்கப் போனபோது சக்கரத்தின் ரிம் என் விரலைச் சுட்டுவிட்டது.

எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாத ஜென்மம் நான். ஆஸ்பத்திரியில் தோள் எலும்புக்குக் கட்டுப் போட்டு அக்காவைப் படுக்க வைத்ததும், பக்கத்தில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். மலை இறக்கத்தில் வேகம் ஆபத்துதான். ஆனால் அதற்குப் பயந்து வழி நெடுக பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தாலும் ரிம் சூடேறி டியூப் வெடித்துவிடுமாம். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்துவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டுமாம். அக்காவிடம் சொன்னேன்.

மாமா வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ஸ்பீடா வந்தியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. பிரேக்க விட்டுட்டேன்."

சைக்கிளை விற்றாகிவிட்டது. தன் பேச்சைக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா இன்றும் சொல்கிறார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவரு சொன்னதாலதான் விழுந்தேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தூங்குவாரா?" என்றாள்.

மாமா கன்னட மீடியத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.