கட்டிலில் படுத்துப் பரீட்சை வைத்தவள்

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. 'நானே சிஸ்டர்' என்றால்தான் தெரியும். "தாத்தாவுக்குக் காய்ச்சல் பாக்கட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டால், "வேணாம், நானே பாத்துக்கறேன்." "கட்டு மாத்தட்டுமா?" "நானே மாத்திக்கறேன்." வாயைத் திறந்தால் நானே, மூடினால் நானே. நாற்பது கட்டிலுக்கு ஆறு உதவியாளர்கள் இருந்தார்கள். ஆறு பேரும் போர்வை மடித்தே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

உதவியாளர்களிடம் எதையும் ஒப்படைக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. காய்ச்சல் பார்ப்பது, விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது போன்ற வேலைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவர்களுக்கு அது ஒழுங்காக வருகிறதா என்று சிஸ்டர் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் வந்தது வில்லங்கம். மற்ற இடங்களில் ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்துப் பரீட்சை நடத்துவார்கள். நானே சிஸ்டருக்குப் பொம்மை என்றாலே ஆகாது. "பொம்மை கடிக்குமா? பொம்மை பொய் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, நோயாளியாகவும் தானே படுத்துக்கொள்வாள்.

படுத்தாள் என்றால், அடேயப்பா, அந்த நடிப்பை என்னவென்று சொல்ல! ஒரு நாள் காது கேட்காத கிழவர், இன்னொரு நாள் கையைக் கடிக்கிற கிழவி. கத்துவாள், கெஞ்சுவாள், "என் மாப்பிள்ளை போலீஸ்ல இருக்கான்" என்று மிரட்டுவாள், கடைசியில் கண்ணைச் செருகி மயங்கி விழுவாள். எதிரில் நிற்பவர் பதறினாரோ போச்சு. விருட்டென்று எழுந்து உட்கார்ந்து "ஃபெயில்!" என்பாள். உதவியாளர்களில் ஒருவர் முன்பு லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட இறக்கி நிறுத்திய தைரியசாலி. சிஸ்டர் மயங்கியதைப் பார்த்து அவரும் கூடவே மயங்கிவிட்டார்.

இப்படி ஐந்து பேர் ஊற்றிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவள் 'சரிங்க'. எதைச் சொன்னாலும் "சரிங்க சிஸ்டர்" என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். இரண்டு பிள்ளை பெற்றவள், தையல் ஆலையில் குப்பை கொட்டிவிட்டு வந்தவள், இளகிய மனசுக்காரி. முதல் பரீட்சையில் கிழவர் அழுதார் என்று இவளும் அழுதாள். இரண்டாவதில் "இப்பத்தாம்மா சர்க்கரை பாத்துட்டுப் போனாங்க" என்று கிழவர் புளுகியதை நம்பி, "சரிங்க தாத்தா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாவது பரீட்சை வந்தபோது சிஸ்டரே பதற்றத்தில்தான் இருந்தாள். மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "மாத்து நர்ஸ் காலையில மட்டும்தான் வருவாங்க. மத்த நேரத்துல சர்க்கரை பாக்க இங்க ஒருத்தராவது பாஸாகியிருக்கணும். இல்லன்னா உங்களை எப்படி சிஸ்டர் அனுப்பறது?" மகளோ, "நீ வரமாட்டேம்மா, எனக்குத் தெரியும்" என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டாள். அது வேறு சுருக்கென்று தைத்தது.

பரீட்சையன்று காலையில் சிஸ்டர் தன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். 'மாத்திரை போட்டா உடனே சாப்பிடணும், இல்லன்னா சர்க்கரை இறங்கிடும்' என்று நாற்பது பேருக்கும் பாடம் எடுக்கிறவள், சாப்பிடவில்லை. எங்கே நேரம்? எல்லா வேலையும் நானே ஆயிற்றே. ஊருக்குத்தான் உபதேசம். அப்படியே வந்து கட்டிலில் சாய்ந்து, கோபக்காரக் கிழவராக மாறினாள். வேடிக்கை பார்க்க மற்ற ஐந்து பேரும் கூடிவிட்டார்கள்.

"யார்றா அது? என் விரலைத் தொட்டா நடக்கிறதே வேற!"

"சரிங்க தாத்தா. கையை நீட்டுங்க." சரிங்க இன்று கல்லாக நின்றாள். எதையும் நம்புவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

இன்னும் நாலு வசவு பாக்கி இருந்தது. ஆனால் சிஸ்டருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேலே ஓடிய மின்விசிறி இரண்டாகத் தெரிந்தது. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கத் தொடங்கியது.

"ஏய்... இது நடிப்பு இல்ல. நெஜமாவே கண்ணை இருட்டுது."

"இன்னிக்கு சூப்பர் சிஸ்டர்!" என்று கைதட்டினார்கள். லாரிக்காரர் முன்ஜாக்கிரதையாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்படித்தான் சொல்வீங்க தாத்தா" என்றாள் சரிங்க.

புலி வருது புலி வருது என்று தானே கத்திக் கத்தி, இப்போது நிஜப் புலி வந்து கட்டில்மேல் ஏறி நிற்கிறது! செத்தாலும் கைதட்டுவார்கள் போலிருக்கிறதே கடவுளே!

சரிங்க பஞ்சால் விரலைத் துடைத்துக் குத்தினாள், ரத்தத்தைச் சர்க்கரை மெஷினில் தொட்டு வைத்தாள், எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தாறு. மனுஷி நடிப்பாள், மெஷின் நடிக்குமா? எழுபதுக்குக் கீழே போனால் உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி.

"சிஸ்டர், தாத்தாவுக்கு நாப்பத்தாறு!"

வாசலுக்கு ஓடி "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அலறினாள்.

"அட, படுத்திருக்கறதே சிஸ்டர்தாம்மா!" என்றார் லாரிக்காரர்.

சிஸ்டர் இல்லாவிட்டால் சுவரில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட வேண்டும். போட்டாள். சிஸ்டரின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவசரத்துக்கு என்று இன்னொரு எண்ணும் இருந்தது. போட்டாள். அது சிஸ்டரின் மேஜை டிராயருக்குள் அடித்தது.

இனி யாரைக் கூப்பிடுவது? சரிங்கவுக்கு ஒரு நொடி கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு லாரிக்காரரைப் பார்த்து, "அண்ணே, மேனேஜரைக் கூட்டிட்டு டாக்டருக்குச் சொல்லுங்க, ஓடுங்க!" என்றாள். சிஸ்டர் சொல்லாமல் நோயாளி வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும் விதிதான். குனிந்து, காதருகே கேட்டாள். "தாத்தாகிட்ட இல்ல, சிஸ்டர்கிட்ட கேக்கறேன். முழுங்க முடியுமா? சர்க்கரைத் தண்ணி குடுக்கட்டுமா?"

நானே குடிச்சுக்கறேன் என்று சொல்லத்தான் சிஸ்டர் வாயெடுத்தாள். கை தூக்க வரவில்லை. இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக வேறு வார்த்தை வந்தது.

"நீயே குடு."

சரிங்க அவளைத் தூக்கி உட்காரவைத்து, மடக்கு மடக்காகக் கொடுத்தாள். கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள். எண்பத்தெட்டு. சிஸ்டருக்கு உயிர் வந்தது, கூடவே பழைய வாயும் வந்துவிட்டது.

"பஞ்சைக் கீழ போட்டிருக்கே, பாரு."

"சரிங்க சிஸ்டர். படுங்க. டாக்டர் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"அஞ்சாம் கட்டிலுக்கு மாத்திரை..."

"முதல்ல நீங்க சாப்பிடுங்க!" என்று அதட்டினாள் சரிங்க. சிஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டாள். பஞ்சை மன்னித்து "பாஸ்" என்றும் சொல்லிவிட்டாள். சுவரில் மேலாளர் எண்ணையும் டாக்டர் எண்ணையும் எழுதச் சொன்னாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபின், சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் கிளம்பி வர்றேன்டி."

"யாரு பேசறது?"

"அம்மாதான்டி!"

"ஐயோ, உனக்கு என்னம்மா ஆச்சு? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒருத்தி பாஸாயிட்டா. மூணு தடவை சோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். அடுத்தவங்க உசுராச்சே, கண்டவங்க கையில குடுக்க முடியுமா?"

மகள் சிரித்தாள். "ஏம்மா, ரெண்டு வயசுல என்னைப் பக்கத்து வீட்டு அக்கா கையில குடுத்துட்டு டியூட்டிக்குப் போனியே, அவங்களுக்கு எத்தனை தடவை டெஸ்ட் வெச்சே?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். சிஸ்டர் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். அந்த அக்காவுக்குச் சோறு ஊட்டத் தெரியுமா, குழந்தை அழுதால் தூக்குவாளா, ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தட்டினாள், கொடுத்தாள், பஸ்ஸுக்கு ஓடினாள்.

"ஒண்ணுகூட வெக்கலடி" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சரி, அழாதே. வா. ஆனா என் பிள்ளையை உன் கையில குடுக்கறதுக்கு முன்னாடி நான் டெஸ்ட் வெப்பேன், சொல்லிட்டேன்."

"வெய்யிடி. எத்தனை தடவை வேணாலும் வெய்யி" என்றாள் சிஸ்டர்.