சீஃப் நிறுத்தச் சொன்ன அலாரம்

கப்பலில் எஞ்சின் அலாரங்கள் அடிக்கும் ஒலிபெருக்கியின் மேல் நான்கு மடிப்பாக ஒட்டிய பழுப்பு டேப். என் சீஃப் இன்ஜினியரை நினைத்தால் அவர் முகத்துக்கும் முன்பே அவர் ஒட்டிய அந்த டேப்தான் நினைவில் வருகிறது. சத்தம் அவருக்கு ஆகாது. அலாரம் கத்தினால், வேண்டாத விருந்தாளியைப் போல் முறைப்பார். அவர் அரியலூர், நான் பெரம்பலூர்ப் பக்கம் பூலாம்பாடி. கடலில் அந்தத் தூரம் ஒரே தெரு. “நம்மூரு புள்ளடா” என்று தோளில் கைபோட்டதும் உருகிப்போனேன், மடையன்.

ஜெனரேட்டரில் எண்ணெய்க் குழாய் கசிந்தால் அடிக்கும் அலாரம் ஒன்று, கசிவே இல்லாமல் ஒரு வாரமாக அடித்துக்கொண்டிருந்தது. கசிவைக் காட்டும் மிதவையில் கசடு. கழற்றித் துடைக்க அரை நாள் ஆகும். “அத ஆஃப் பண்ணி வுடு தம்பி, கரைக்குப் போயி பாத்துக்கலாம்” என்றார். நிறுத்திவைக்கும் அலாரத்தை நோட்டில் எழுதி, சீஃபிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எடுத்து நீட்டினேன். “நமக்குள்ள என்னாத்துக்குடா நோட்டு?” என்று சிரித்தார். வேறு ஊர்க்காரர் என்றால் விட்டிருக்க மாட்டேன். ஊர்ப்பாசத்தில் நோட்டை மூடிவிட்டு, கணினியில் அலாரத்தை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் குழாய் நிஜமாகவே விரிசல் விட்டது. எதுவும் அடிக்கவில்லை. ஜெனரேட்டரைத் துடைக்கப் போன எஞ்சின் அறைத் தொழிலாளி, தூத்துக்குடி மோட்டார்மேன் அண்ணனின் முகத்தில் கொதிக்கிற எண்ணெய் பீய்ச்சியது. வலது கண் போயிற்று. நிறுத்தியவர் என்று கணினியில் இருந்தது என் பெயர். விசாரணையில் சீஃப், “என்னையக் கேக்காமலே செஞ்சுட்டான்” என்றார். என் வேலை போனது. ‘நான்தான் சொன்னேன்’ என்று அந்த வாயிலிருந்து ஒருமுறை வரவேண்டும். பல வருடங்களாக எனக்கு வேறு ஆசையே இல்லை.

இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் அங்கே ஒரு விழாவில் சிறப்பு விருந்தினராக அதே சீஃப். “ஒரு அலாரத்தக்கூட அலட்சியம் பண்ணக்கூடாதுங்க” என்றார். கைதட்டல். எழுந்து, “அன்னைக்கு ஆஃப் பண்ணச் சொன்னது யாருன்னு சொல்லுங்க சார்” என்று கத்தினேன். சால்வையைச் சரிசெய்துகொண்டு, “தம்பி யாருன்னு தெரியலீங்களே” என்றார்.

வெளியே வந்ததும் மோட்டார்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

“சொன்னது அவன்தான். ஆஃப் பண்ணது நீதானல?” என்றார் அண்ணன்.