நாக்கு மடிக்காத ரோல்

பல்செட் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவளுக்குத் தெருவில் வேறென்ன பெயர் கிடைக்கும்? பல்லக்கா. அவளுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. "நான் செஞ்ச பல்லை மாட்டிக்கிட்டுத்தானே என்னைப் பல்லக்கான்னு கூப்பிடறாங்க? நல்லா கூப்பிடட்டும்," என்பாள். மெழுகில் பல் வரிசையைச் செதுக்கி, அச்செடுத்து, கடைவாயில் மயிரிழை உறுத்தினாலும் மறுபடி உட்கார்ந்து தேய்த்துக் கொடுப்பாள். சரியில்லை என்று திரும்பி வந்த செட்டுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவளே சொல்லிவிடுவாள்.

கேமராப் பைத்தியம் பிடித்ததும் அந்த லேபில்தான். நோயாளிகளின் வாயைப் படமெடுக்க டாக்டர் வைத்திருந்த பழைய பிலிம் கேமரா ஷட்டர் ஒட்டிக்கொண்டு கிடந்தது. குப்பைக்குப் போன அதை இவள் பாதி வழியில் மறித்து வாங்கிக்கொண்டாள். பல் சுரண்டும் ஊசி, மெழுகு வெட்டும் கத்தி, கடிகாரக்கடைத் திருப்புளி, மூன்று மதிய இடைவேளை. நாலாம் நாள் கேமரா 'டக்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அதற்கப்புறம் சும்மா இருப்பாளா? இன்றைக்கு அவளிடம் இருபத்தேழு கேமரா இருக்கிறது. அலமாரியில் புடவைகள் ஒரே தட்டுக்கு ஒதுங்கிவிட்டன. மற்ற மூன்று தட்டும் கேமராக்களுக்கு. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே எந்நேரமும் ஒரு குட்டி பல்பு எரியும்.

"நான் தும்மினா ஒரு கஷாயம் கிடையாது. அதுங்களுக்கு மட்டும் குளிர்காய விளக்கு," என்பார் அவள் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன். அவள் பிலிம் கழுவக் குளியலறைக் கதவிடுக்கில் துண்டை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி வீட்டுக் கதவைத் தட்டுகிறவரும் அவர்தான்.

அடுக்கி வைத்து அழகு பார்க்கிற ரகம் இல்லை அவள். கேமரா என்றால் உழைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு ரோலாவது ஒவ்வொன்றிலும் ஓடியாக வேண்டும். பெட்டி பிரிக்காத புது ரோலெல்லாம் வாங்க மாட்டாள். நூறடிச் சுருளாக வாங்கி, இருட்டில் வெட்டி, பழைய டப்பிகளில் தானே சுற்றிக்கொள்வாள். எடுத்து முடித்த ரோலைத் திருப்பிச் சுற்றும்போது கேமராவைக் காதோடு வைத்துக்கொள்வாள். பிலிம் முனை பிடி விட்டு நழுவுகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் கையை நிறுத்திவிடுவாள். டப்பிக்கு வெளியே நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். டப்பியை உடைக்காமல், அதைப் பிடித்தே பிலிமை உருவிக் கழுவிவிடலாம். இதில் ஒரே ஒரு ஆபத்து. எடுத்த ரோலுக்கும் நாக்கு, எடுக்காத ரோலுக்கும் நாக்கு. அதனால் எடுத்த உடனே நாக்கின் நுனியை மடித்துவிட வேண்டும். "இது கூட மறக்கற ஆளு கேமராவைத் தொடவே கூடாது," என்று பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவள் அவள்.

இனி அவள் வீட்டு இரண்டு ஆண்களின் கதை.

பல்லக்காவின் அண்ணன் லேத்துக்காரர். அவரும் இவள் புருஷனான வேன்காரரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தார்கள். இவளுக்குக் கல்யாணம் பேசியதே அண்ணன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டு வாசலில் வேனைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூண் சாய்ந்தது. தூண் போனால் கட்டிக்கொள்ளலாம். அண்ணன் அதோடு விட்டாரா? நாலு விருந்தாளிகள் நிற்கும்போதே, "பொம்மைக் காரு கூட ஓட்டத் தெரியாதவனுக்கு வேனு ஒரு கேடு," என்றுவிட்டார். வேன்காரருக்கு ஓட்டுவதுதான் மானம், மரியாதை எல்லாம். "இனிமே உன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்," என்று வண்டியை எடுத்தவர்தான். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்கு இவள் தனியாகத்தான் போய்வருகிறாள். இவளிடம் ஒருவர், "உங்கண்ணன் எப்படி இருக்கான்?" என்று கேட்க மாட்டார். மற்றவர், "உம் புருஷன் எங்க?" என்று கேட்க மாட்டார். இரண்டு எருமைகள்!

இருபத்தாறு வருஷம் அடுத்தவர் லேத்தில் நின்ற அண்ணன், சொந்தப் பட்டறை திறந்தார். "நீதான் படம் எடுக்கணும், உன் நல்ல கேமராவுல," என்றார். சொல்லவா வேண்டும்? பல்லக்கா விடியற்காலையே போய் நின்றுவிட்டாள். ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்கள். "எல்லாரும் போனை உள்ள வைங்க. நான் எடுக்கறது ஒண்ணு போதும், நாலு தலைமுறைக்கு நிக்கும்," என்று ஒரு அதட்டு அதட்டினாள். அத்தனை பேரும் அடங்கிப்போய் உள்ளே வைத்தார்கள். முப்பத்தாறு படம். பட்டறை ஷட்டரைத் தூக்குகிற அண்ணன், லேத்தைத் தட்டிக்கொடுக்கிற அண்ணன், அண்ணியின் முகத்தில் கிரீஸ் தடவிவிட்டுச் சிரிக்கிற அண்ணன். திருப்பிச் சுற்றி ரோலை வெளியே எடுத்த நொடியில் அண்ணி வந்து ஒரு டிபன் தட்டைக் கையில் திணித்தாள். ரோல் பைக்குள் போயிற்று. நாக்கு மடிக்கவில்லை.

நாலே நாளில் வேன்காரர் வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் வேன் வந்து நின்றது. பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தின் வண்டியை ஓட்டியவருக்குச் சொந்த வண்டி. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குழந்தை தோற்றுப்போகும்! பல்லக்கா பையில் கையை விட்டு ஒரு ரோலை எடுத்து மாட்டினாள். ஸ்டீயரிங்கில் புருஷன், கதவைப் பிடித்துக்கொண்டு புருஷன், கையைக் கட்டிக்கொண்டு வண்டி முன்னால் புருஷன். அதுவும் முப்பத்தாறு.

சனிக்கிழமை குளியலறையிலிருந்து ஈரப் பிலிமை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தூக்கிப் பார்த்தாள். லேத் மெஷினுக்கு ஸ்டீயரிங் முளைத்திருந்தது. அண்ணியின் தோளில் வேன் சக்கரம் உட்கார்ந்திருந்தது. ஒரு படம் தப்பவில்லை. ஒரே ரோலில் இரண்டு தடவை எடுத்திருக்கிறாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அதட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாற்பது போனில் அந்தப் படம் இருக்கும். புருஷனும் அண்ணனும் முறைத்துக்கொண்டிருக்கையில் அவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது அண்ணனோடு பேசுகிற நாலு வார்த்தைதான். அதுவும் இதோடு போச்சா?

வேன்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "உங்கண்ணன் பட்டறையைக் கொண்டாந்து என் வண்டி மேலயா ஏத்திவெச்ச?" என்று முதலில் பொங்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரி விடு. கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"என் கேமரா மேல நான் பழி போட மாட்டேங்க. தப்பு என் கையோடது. நானே போய்ச் சொல்றேன்," என்று எழுந்தாள். எழுந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. அவள் அப்படித்தான். இருப்பதிலேயே தெளிவாக விழுந்திருந்த ஒரு படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் பட்டறைக்குப் போனாள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வந்தார். "ஆல்பமா?"

"ஆல்பம் இல்லண்ணே. எடுத்த ரோலையே மறுபடி மாட்டிட்டேன். எல்லாப் படத்து மேலயும் இன்னொரு படம் விழுந்திருக்கு. வேற யார் தப்பும் இல்ல, என் தப்புதான்."

அண்ணன் கை துடைத்த துணியை லேத் மேல் போட்டார். "போனை உள்ள வைன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"நாலு தலைமுறைக்கு நிக்கும்னது?"

"அதுவும் நான்தாண்ணே."

படத்தை வாங்கினார். லேத்தின் பக்கத்தில் அண்ணன். அவர் தோளை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற வேன்காரர். அண்ணனின் காது மடல் சிவந்தது. "இவன் எதுக்குடி என் பட்டறைக்குள்ள வந்தான்?"

அண்ணன் படத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். அண்ணி பின்னாலேயே போய் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கறதைப் பாரு!" என்றாள்.

"நீ சும்மா இரு." அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். பிறகு அந்தப் பக்கமாகவே கேட்டார். "இவன் ஏன் இப்படி இளைச்சுட்டான்? நீ சோறு கீறு போடறியா இல்லையா?"

பல்லக்கா அவர் முதுகுக்குப் பின்னால் ஓரடி நெருங்கினாள். "நல்லாத்தாண்ணே சாப்பிடறாரு."

"என்னத்த சாப்பிடறான்! கன்னம் ஒட்டிப் போயிருக்கு." படத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. சட்டைப்பைக்குள் கொள்ளாது என்று தெரிந்தும் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, கணக்கு நோட்டுக்குள் செருகினார். "வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி ஷட்டரை இழுத்து மூடறேன். மறுபடி திறக்கறேன். நீ மறுபடி எடு. அன்னிக்குப் படத்துல இருந்த அத்தனை பேரும் வந்தாகணும், சொல்லிட்டேன். ஒரு ஆள் குறையக் கூடாது."

"அவரும் படத்துல இருக்காரேண்ணே."

"அதைத்தான சொல்றேன், காது கேக்கலையா?"

வீட்டில் வந்து சொன்னபோது வேன்காரர் விறைத்துக்கொண்டு, "நான் ஏன் வரணும்? நான் என்ன அவன் பட்டறையில போயா நின்னேன்?" என்றார். இவள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பொழுது கழித்து அவராகவே வந்து, "எத்தனை மணிக்காம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். போனை யாரும் உள்ளே வைக்கச் சொல்லவில்லை. அவரவர் கையில் ஒன்று இருந்தது. பல்லக்காவே, "தாராளமா எடுங்க. ஆனா நான் எடுக்கறதுதான் நல்லா வரும்," என்றாள். ஷட்டர் மூடித் திறந்தது. வேன்காரர் கூட்டத்தின் கடைசியில், வெளியே போகத் தோதான இடமாகப் பார்த்து, சுவரை ஒட்டி நின்றார். அண்ணன் லேத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். பிறகு குரலை ஒரு தரம் கனைத்துக்கொண்டார்.

"அங்க இல்ல மாப்ள. படத்துல நின்ன இடத்துல வந்து நில்லு."

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தார். லேத்துக்குப் பக்கத்தில் வந்து, கையைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், "இப்படியா மச்சான்?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

ரோலில் இருந்த முப்பத்தாறில் முப்பத்தொன்று அந்த ஒரு இடத்திலேயே தீர்ந்துபோயிற்று. அண்ணி வந்து, "எங்களையும் கொஞ்சம் எடேன்டி," என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.