வேப்பங்கன்றோடு சுடுகாட்டுக்குப் போன நாள்

"…அத்தெல்லாம் வுடுய்யா. எம் பொண்ண எந்த எடத்துல வெச்சே? அத்த மட்டும் சொல்லு!"

இடுப்பில் குடம், கையில் வேப்பங்கன்று. எங்களுக்குப் பால் ஊற்றும் அக்கா தன் புருஷனிடம் இப்படிக் கேட்டது சுடுகாட்டு நடுவில். தொண்ணூறுகளின் தொடக்கம், நாங்கள் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்துக் கிராமத்துச் சுடுகாடு பொட்டலாகக் கிடக்கிறதே என்று, ஊராரும் நாங்களும் சேர்ந்து மரம் வைக்கக் கிளம்பினோம். தண்ணீர் சுமக்கப் பெண்கள் வேண்டுமே! அந்த ஊரில் பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. "பொணத்தோடயா போறாளுங்க, செடியோடதானே" என்று ஊர்ப் பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார்.

அக்கா ஏன் முதல் ஆளாக வந்தார் என்பது வழியில்தான் தெரிந்தது. தலைச்சன் பெண் குழந்தை, பிறந்த நாலாம் நாளே போய்விட்டதாம். பச்சை உடம்புக்காரி என்று அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறார்கள்.

"அது தலமாட்டுல இந்தக் கன்ன வெச்சுட்டா, நெழலாவது கெடைக்கும்மா" என்றார்.

புருஷன் கிழக்கு மூலையைக் காட்டினார். கூட வந்த கொழுந்தன் விடவில்லை.

"அங்க இல்ல அண்ணாத்தே, வேலியோரம்."

"தூக்கினு வந்தது நானா, நீயா?"

"குழி வெட்னது நான்தானே!"

மாறி மாறிக் கை நீட்டியதில் கடைசியில் புருஷனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நாலு நாள் கொயந்த, அதுவும் பொட்டப் புள்ள… எவன்மே அடையாளம் வெச்சுகினு இருப்பான்?"

எங்கள் குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் வேறு, "செடிக்கு வெட்டின குழி ஏதாவது ஒண்ணுல வச்சிடுங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்று அவசரப்படுத்தினார்.

பெற்றவளை வாசலோடு நிறுத்திவிட்டுப் போனவர்கள், அந்த இடத்தையும் மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள். இன்றைக்கும் யாராவது மரம் நடக் கூப்பிட்டால், அந்தக் கசப்புதான் எனக்கு முதலில் தொண்டைக்கு வருகிறது.

அக்கா கன்றைப் புருஷன் காலடியில் வைத்தார். குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி, கிழக்கு மூலையிலிருந்து வேலியோரம் வரைக்கும், தண்ணீர் தீருமட்டும் மண்ணை நனைத்துக்கொண்டே நடந்தார்.