இரண்டு வண்டிகளும் ஒரு தோசைக்கல்லும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்ற ஆசை முதலில் யாருக்கு வந்தது என்பதில்கூட என் அண்ணனுக்கும் என் கணவருக்கும் ஒத்துப்போகாது. இருவரும் தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். கார்கானா என்று நாங்கள் சொல்லும் ஒரே பட்டறையில் தோல் ஒட்டி, பெல்ட் தைத்து, பிறகு அந்தக் கார்கானாவையே சேர்ந்து வாங்கியவர்கள். தன் சிநேகிதனை எனக்குக் கட்டிவைத்ததும் அண்ணன்தான். வெளிநாட்டுக்கு ஜாக்கெட் அனுப்பத் தொடங்கி, செம்பூரில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் குடியேறிய பிறகும் காலையில் எல்லோரும் ஒரே வேனில்தான் தாராவிக்குப் போவோம். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதும் சரக்கை அனுப்பிவைப்பதும் என் வேலை. அந்த வேனை ஓட்டுவதும் பெரும்பாலும் நான்தான்.

வாஷியில் பழைய வெளிநாட்டு வண்டிகளை விற்கும் ஒருவரிடம் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று அமெரிக்க வண்டி. சிவப்பு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். இன்னொன்று ஜெர்மன் வண்டி. சாம்பல் நிறம், இன்ஜின் பின்பக்கம். கூட்டாக ஒன்றை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி ஓட்டுவது என்று பேச்சு. அண்ணன் அமெரிக்க வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். அந்தச் சத்தத்தில் கடையின் ஷட்டர் அதிர்ந்தது. அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டான். என் கணவர் அதற்குள் ஜெர்மன் வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்க மனமில்லாமல் இருந்தார். யோசித்துச் சொல்லுங்கள், அதுவரை இரண்டையும் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார் கடைக்காரர். அந்த அவகாசம்தான் எங்களுக்கு வினையாக வந்தது.

வேனில் ஏறினால் ஆரம்பித்துவிடுவார்கள்.

“அந்தச் செவப்பு வண்டி நேரா போகத்தான் லாயக்கு மச்சான். லோனாவாலா ஏத்தத்துல திருப்புனா பின்பக்கம் தூக்கிட்டுப் போயிரும்,” என்பார் என் கணவர்.

“ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் மாப்பிள தூக்கும். ஒனக்குக் காரு வேணுமா, சக்கரம் வச்ச மிக்ஸி வேணுமா?”

முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். கார்கானாவில் ஒருநாள், “ஜெர்மன் வண்டின்னா நான் இந்தக் கூட்டுலயே இல்ல” என்று சொல்லி அண்ணன் தோல் வெட்டும் கத்தியை மேசைப் பலகையில் ஓங்கிக் குத்தினான். கத்தி நட்டுக்கொண்டு நின்றது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. என் கணவர் அந்தக் கத்தியைப் பிடுங்கி, திரும்ப அவன் கையிலேயே கொடுத்தார். “குத்துததா இருந்தா எம்மேல குத்து,” என்றார். அவன் வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டுப் போய்த் தோல் வெட்டத் தொடங்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினி விக்ரோலியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் அண்ணனுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. காலையில் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலையும் முருங்கைக்காயும் வாங்கி வந்து, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். கறியோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுப்பில் எனக்கு ஒரு தோசை வெந்துகொண்டிருந்தது.

“நீ எப்பவும் சத்தம் போட்டே காரியம் பாத்தவன். ஒனக்கு அந்த வண்டிதான் சரி,” என்று இவர் சாப்பாட்டு இலையில் குனிந்தபடி சொன்னார்.

“நான் சத்தம் போடலன்னா நீ இன்னும் பசை டப்பா கழுவிக்கிட்டுக் கெடப்ப.”

“ஆமா. அதுக்குத்தான ஒந்தங்கச்சிய என் தலையில கட்டுன. அதையும் சேத்துச் சொல்லிக் காட்டு.”

நான் ஏதாவது சொல்வதற்குள் அண்ணன் குழம்புப் பாத்திரத்தைத் தூக்கி அவர் மேல் வீசினான். சூடு ஆறாத குழம்பு. இவர் கத்தவில்லை. மேசைமேல் முழங்காலை ஊன்றி, அதைத் தாண்டி வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தார். நாற்காலியோடு இருவரும் சாய்ந்தார்கள். அண்ணன் கையை மடக்கி இவர் மூக்கில் குத்தினான். ஈரத்துணியைத் தரையில் அடித்தது போன்ற சத்தம். இவர் அவன் தலைமுடியைப் பிடித்து பால்கனிக் கதவின் கண்ணாடியில் மோதினார். கண்ணாடி முழுதாகக் கீழே கொட்டியது. கீழேயிருந்து வாட்ச்மேன், “க்யா ஹுவா, பாபி?” என்று, என்ன ஆச்சு அண்ணி என்று இந்தியில், கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் நடுவில் புகுந்தேன். யாருடைய முழங்கை என்று இன்றைக்கும் தெரியாது. வாயில் உப்புக் கரித்தது, நாக்கில் ஒரு பல் துண்டு கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலியைவிட அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

நிமிர்ந்தபோது அண்ணன் கீழே கிடந்தான். இவர் அவன் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தார். அண்ணனின் கால் கண்ணாடித் துண்டுகளில் உதைத்து உதைத்து ரத்தமாகியிருந்தது. அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. “விடுங்க, விடுங்க” என்று கத்தினேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, நூல் கோர்க்கும்போது இருக்குமே, அப்படி ஒரு கவனம்.

அடுப்பிலிருந்து தோசைக்கல்லை எடுத்தேன். இரும்புக்கல், கைப்பிடி உண்டு. தோசை அதிலேயே இருந்தது. அவர் தோளில் என் பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். உள்ளே ஏதோ முறிந்தது என் கைக்குத் தெரிந்தது. கை தொங்கிப்போன பிறகுதான் பிடி விட்டது. அண்ணன் புரண்டு படுத்து, தகரத்தைக் கிழிப்பது போல மூச்சை இழுத்தான். நான் கல்லைக் கீழே போடவில்லை. யாராவது அசைந்தால் இன்னொன்று வைக்கத் தயாராக நின்றேன். உண்மையைச் சொன்னால், யாராவது அசையமாட்டார்களா என்றுகூட இருந்தது.

இருவரையும் வேனில் ஏற்றி நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம். டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஆக்ஸிடெண்டா?” என்று இந்தியில் கேட்டார்.

“ஹாங். காடி கா சக்கர்,” என்றார் என் கணவர். வண்டி விவகாரம் என்றுதான் சொன்னார். டாக்டர் விபத்து என்று எடுத்துக்கொண்டார்.

தோள் எலும்பு கூடும்வரை இவர் கார்கானாவுக்குப் போகவில்லை. அண்ணனுக்குக் கொஞ்ச நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. குரல் ஒருமாதிரி கம்மிப்போய், இப்போதும் அப்படியே இருக்கிறது. நடந்தது தெரிந்ததும் மதினி, “கூட்ட முறிச்சிருங்க, ரெண்டு பேரும் ரெண்டு வழியா போங்க,” என்றாள். அதற்கு மட்டும் இருவரும் சம்மதிக்கவில்லை.

ஒரு மாலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலோடு நின்று, “ஏளா, ஜெர்மன் வண்டியவே எடுத்துருங்க. மாப்பிள ஆசப்பட்டாரு,” என்றான்.

உள்ளேயிருந்து இவர், “அவன் கேட்ட வண்டியவே எடுக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணும் வேண்டாம்,” என்றார்.

“நான்தான் விட்டுத் தாறேன்னு சொல்லுதேன்ல.”

“எனக்கு யாரும் விட்டுத் தர வேண்டாம்.”

அண்ணன் கையிலிருந்த போனைச் சுவரில் எறிந்தான். இவர் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியை விட்டு எழுந்தார். நான் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நெடுநேரம் மூச்சு வாங்குவது கேட்டது.

மறுநாள் நான் தனியாக வாஷிக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதுதான் எண்ணம். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, “நீங்க ஓட்டிப் பாருங்க மேடம்,” என்றார். முதலில் ஜெர்மன் வண்டி. நினைத்த இடத்தில் நின்றது, நினைத்த அளவு திரும்பியது. என் கணவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படி ஒரு வண்டியை நான் ஓட்டியதே கிடையாது.

பிறகு சிவப்பு வண்டி. பாம் பீச் ரோட்டில் பச்சை சிக்னல் விழுந்ததும் கொஞ்சம் அழுத்தினேன். பின்சக்கரங்கள் அலறிக்கொண்டு வழுக்கி, வண்டி டிவைடரைப் பார்த்துப் பாய்ந்தது. கடைக்காரர் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து இழுத்து நேராக்கினேன். முதுகெலும்பு வரை அதிர்ந்தது. குப்பென்று வியர்த்திருந்தது. அடுத்த சிக்னலில் மறுபடியும் அழுத்தினேன்.

அதையே எடுத்தேன்.

செம்பூரில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இருவரும் கீழே வந்தார்கள். அண்ணனால் சந்தோஷப்படவும் முடியவில்லை. “எனக்காகவா எடுத்த?” என்றான் கம்மிய குரலில்.

“ரெண்டு பேருக்காகவும் எடுக்கல. எனக்குப் பிடிச்சுது.”

என் கணவர் டயரைக் குனிந்து பார்த்தார். நல்ல டயர் என்றார். சாவியை இருவரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோபோலி வரை நான் ஓட்டிக்கொண்டு போய் வருவேன். இவர் சிலநாள் கூட வருவார், சிலநாள் மாட்டார்.

கார்கானா நடக்கிறது. பேச்சுவார்த்தையும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. போன மாதம் மதினி வீட்டில் சாப்பாடு. அண்ணன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். இவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, பழைய வழக்கத்தில், அவன் முதுகில் தட்டக் கையை ஓங்கினார். அண்ணன் சட்டென்று தலையைத் தாழ்த்தித் தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டான். இவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். மதினி ரசம் ஊற்றினாள். நாங்கள் சாப்பிட்டு முடித்தோம்.